ஜன்னலோர மேசைக்கு ஒரு புகார்

மார்ச் 3 — மேசை முன்பதிவு — 500
மார்ச் 14 — வாடகைக் கார், போக — 180
மார்ச் 14 — இரவுச் சாப்பாடு, இருவருக்கு — 4,260
மார்ச் 14 — வாடகைக் கார், திரும்ப — 210
மார்ச் 16 — பதிவுத் தபால் — 42
ஏப்ரல் 20 — பதிவுத் தபால் — 42
ஜூன் 2 — பதிவுத் தபால் — 42

குடிநீர் அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘பதில் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். புகார்ப் பிரிவில் முப்பத்தொரு வருடம் ஒரே நாற்காலி. குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் நாறுகிறது, வராத தண்ணீருக்குக் கட்டணம் மட்டும் வந்திருக்கிறது என்று ஊரில் யாருக்கு என்ன குறை இருந்தாலும் அது காகிதமாகி அவர் மேசைக்கு வரும். அவர் கையால் பதிலாகித் திரும்பிப் போகும். தபால் எதுவானாலும், பிரிப்பதற்கு முன்னால் அது வந்து சேர்ந்த தேதியை இடது மூலையில் எழுதிவிடுவார். தேதி போடாமல் தபாலைப் பிரிப்பது அவருக்குக் கை கழுவாமல் சாப்பிட உட்காருவது மாதிரி.

கத்துகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. கவுண்டரில் யாராவது குரலை உயர்த்தினால், ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்து, “எழுதிக் குடுங்க” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், தாளில் ஏறியதற்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியே தீர வேண்டும் என்பது அவர் கட்சி.

ஒருமுறை ஒரு பெண் சேற்று நிறத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து அவர் மேசைமேல் ‘டொக்’கென்று வைத்தாள். அவர் வழக்கம்போலத் தாளை நகர்த்தினார்.

“எழுதத் தெரிஞ்சா நான் ஏன்யா இங்க வந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன்?”

அவர் பேனாவைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டு, அவள் சொல்லச் சொல்லத் தானே எழுதினார். இரண்டு தடவை படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக்கொண்டார். அந்த வாரமே அந்தத் தெருவில் குழாய் மாற்றினார்கள். அதற்குப் பிறகு தன் வழியைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

வீட்டிலும் இதே கதைதான். டீயில் சர்க்கரை போட மறந்திருந்தால் முகத்தைக்கூடச் சுளிக்காமல் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். மனைவி தன் டம்ளரில் வாய் வைத்த பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

“சர்க்கரை இல்லன்னு சொல்ல வாய் வராதா உங்களுக்கு? இல்ல, அதையும் எழுதித்தான் குடுப்பீங்களா?”

அவள் நேர் எதிர். மருந்துக்கடைக் கவுண்டரில் இருபத்தாறு வருடம் நின்றவள். “தாத்தா, சாப்பாட்டுக்கு முன்னாடி! முன்னாடி! பின்னாடி இல்ல!” என்று அவள் சொல்வது எதிர்ச்சாரியில் செருப்புத் தைக்கிறவருக்கும் கேட்கும். காலாவதியான பெட்டியைத் தலையில் கட்டப் பார்த்த மொத்த வியாபாரியை நடுத்தெரு வரை விரட்டிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இவருக்கும் சேர்த்து அவளே பேசிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்து இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். ஜன்னல் சீட் எப்போதும் அவளுக்கு. பெரிய சாலையில் பஸ் சிவப்பு விளக்குக்கு நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே ஓர் இத்தாலிய உணவகம் இருந்தது. வாசலில் கார்களை நிறுத்தித் தருவதற்கென்றே ஓர் ஆளை வைத்திருக்கிற இடம். அதன் மூலைக் கண்ணாடி ஜன்னலோரம் இரண்டு பேர் உட்காரும் சின்ன மேசை. அதன் மேல் மஞ்சள் விளக்கு. பஸ் நிற்கிற நேரத்துக்குள் அந்த மேசையில் இருப்பவர்களுக்கு அவள் ஒரு வாழ்க்கை வரலாறே சொல்லிவிடுவாள்.

“அவன் முழியே சரியில்ல பாருங்க. மோதிரம் பாக்கெட்ல இருக்கு. எடுக்கத்தான் தைரியம் வரல.”

இன்னொரு நாள், “இந்தம்மா முள்கரண்டிய நூல்கண்டு சுத்துற மாதிரி சுத்திக்கிட்டே இருக்கா, ஒரு வாய் வெக்கல. வீட்ல ஏதோ சண்டை” என்பாள்.

பச்சை விழுந்ததும் கதை பாதியில் நின்றுவிடும். “ஒரு நாள் நாம அங்க உக்காரணுங்க. பஸ்ல போறவங்க நம்மளப் பத்திக் கதை கட்டட்டும்” என்பாள்.

“கட்டட்டும்” என்பார் அவர்.

அவர் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் மருந்து ஏற்றினார்கள். முதலில் முடி போயிற்று. பிறகு, தெருவையே ஆண்ட அந்தக் குரல் மெலிந்து மெலிந்து, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. நாக்கில் ருசி சுத்தமாக இல்லை. “மரக்கட்டைய மெல்லுற மாதிரி இருக்கு” என்றாள். ஒவ்வொரு சுற்று முடிந்தும் இரண்டாவது வாரத்துக்கு மேல் கொஞ்சம் ருசி திரும்பும், அடுத்த மருந்து ஏறினால் மறுபடி போய்விடும் என்றார் டாக்டர். போகப்போக அதுவும் திரும்பாமல் போகலாம் என்று அவரை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

டாக்டர் தனியே சொன்னதை வீட்டுக்காரர் முகத்திலிருந்து படித்துக்கொள்ள அவளுக்கு ஒரு நிமிடம் போதும்.

“அப்போ அந்த ஜன்னலுக்கு இப்பவே போயிடலாம்” என்றாள்.

அவர் போனில் சொல்லி மேசை பிடிக்கிற ஆள் இல்லை. நேரில் போனார். வாசலருகே இருந்த பெண்ணிடம் பணத்தைக் கட்டி, ரசீதில் ‘ஜன்னலோரம், இருவர், மார்ச் 14’ என்று எழுதித் தரச் சொன்னார்.

“சிஸ்டத்துல ஏத்திட்டேன் சார்.”

“சிஸ்டத்துல இருக்கட்டும்மா. இதுலயும் இருக்கட்டும்.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள்.

வீட்டில் தினமும் காலையில் அவள் ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். பன்னிரண்டாம் தேதி காலையில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். “ஏங்க, இனிக்குது” என்றாள்.

பதினான்காம் தேதி மாலை, தலையில் நீலத் துணியை மூன்று விதமாகக் கட்டிப் பார்த்து, மூன்றாவதற்கு ஒப்புக்கொண்டாள். வாடகைக் காரில் போய் இறங்கினார்கள். ஜன்னலோர மேசையில் ஆள் இருந்தது. அதோடு இன்னும் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, எட்டுப் பேர் ஏதோ பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அன்றைக்கு வேறு பெண். சர்வர் அவர்களை உள்ளே தள்ளி, சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

“பத்து நிமிஷம் சார். அவங்க கிளம்பினதும் மாத்திடறேன்.”

அந்தக் கதவு இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு. தட்டோடு ஆள் வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் அது அவள் நாற்காலி முதுகில் இடித்தது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்தாள். மேசை வயிற்றில் இடித்தது. ரசீது அவர் சட்டைப் பையில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வாயெல்லாம் புண் என்பதால், காரமே இல்லாமல் வெறும் தக்காளி போட்ட பாஸ்தா கேட்டிருந்தாள். அவரும் சர்வரிடம் அதை இன்னொரு தடவை சொன்னார். சர்வர் தலையாட்டிவிட்டுக் கையிலிருந்த கருவியில் எதையோ தட்டிக்கொண்டு போனான். வந்த தட்டில் சீஸ் ஆறி, தோல் மாதிரி மேலே படிந்திருந்தது. அவள் பஸ்ஸிலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டபடியே முள்கரண்டியில் பொறுமையாகச் சுற்றி, ஒரு வாய் வைத்தாள். அடியில் கிடந்த மிளகாய்த் துணுக்குகள் யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் தாரையாக வந்தது. இருமக்கூட முடியாமல் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

சர்வர் இரண்டு மேசை தள்ளி நின்றிருந்தான். பிறந்தநாள் கூட்டம் கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தது. அவள் ஏதோ சொன்னாள். அது மேசையைத் தாண்டவில்லை. கையைத் தூக்கினாள். சர்வர் பில்லைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டுப் போனான்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்” என்றாள் அவரிடம்.

அவர் சுற்றிலும் பார்த்தார். எத்தனையோ வருடம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியவர்களின் முகங்கள் அவருக்கு ஞாபகம் வந்தன. அப்படி ஒரு முகத்தோடு இத்தனை பேர் நடுவில் எழுந்து நிற்க அவருக்கு மனம் வரவில்லை.

“எழுதிக்கறேன்” என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “எழுதுங்க. மறக்காம என் நாக்கையும் சேத்து எழுதுங்க.”

ரொட்டியின் நடுப்பகுதியை மட்டும் பிய்த்து, தண்ணீரில் நனைத்துக் கொஞ்சம் சாப்பிட்டாள். அவர் தன் தட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பில் வந்தது. ஒரு பைசா குறைக்கச் சொல்லாமல் கொடுத்தார்.

எழுந்து வாசலுக்கு வரும்போது பிறந்தநாள் கூட்டம் போயிருந்தது. ஜன்னலோர மேசை காலியாக இருந்தது. கேக் துணுக்குகளின் மேல் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே சிவப்பு விளக்கில் ஒரு பஸ் நின்றது.

“அஞ்சே நிமிஷம் உக்காந்துட்டுப் போலாமா?”

“பில் குடுத்தாச்சு. இனிமே போய் உக்காந்தா நல்லா இருக்காது” என்றார் அவர். கார் வேறு வந்து நின்றுவிட்டது.

அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை.

பதினாறாம் தேதி அவர் புகாரை அனுப்பினார். மேசை, கதவு, காரம், ஆறிப்போன சீஸ் எல்லாவற்றையும் பத்தி பிரித்து எழுதி, ரசீதின் நகலையும் இணைத்திருந்தார். வேறு ஊரில் இருக்கும் மகள் போனில் குதித்தாள். “அப்பா, நெட்ல ஒத்த ஸ்டார் குடுத்துக் கிழிச்சு விடுங்கப்பா. மறுநாளே கால்ல வந்து விழுவாங்க.”

“கால்ல விழ வேண்டாம். தப்பு நடந்துச்சுன்னு ஒத்துக்கிட்டாப் போதும்.”

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. தேதி போட்டுப் பிரித்தார். ‘தாங்கள் குறிப்பிட்ட விவரங்கள் உரிய கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. தங்கள் மேலான ஆதரவை என்றும் நாடுகிறோம்.’ அவ்வளவுதான். ‘உரிய கவனம்’ என்று அவரே ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறார். அந்தக் காகிதங்கள் எந்தக் கட்டுக்குப் போகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

மனைவி வாங்கிப் படித்தாள். “அட, இது நீங்களே எழுதின மாதிரியில்ல இருக்கு!” என்று சத்தமே வராமல் சிரித்தாள். பிறகு, “விடுங்களேன். நடந்தது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். நடுவுல மூணாவது ஆளு எதுக்கு?” என்றாள்.

அவரால் விட முடியவில்லை. இரண்டாவது கடிதம் போட்டார். அதற்குப் பதிலே இல்லை. இதற்குள் அடுத்த மருந்தும், அதற்கடுத்ததும் ஏறிவிட்டன. சர்க்கரையை நாக்கில் வைத்துப் பார்ப்பதை அவள் நிறுத்திவிட்டாள்.

மே கடைசியில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஜூன் இரண்டாம் தேதி, கட்டில் பக்கத்தில் அவர் மூன்றாவது கடிதத்துக்குத் தாளை எடுத்ததைப் பார்த்து, “இந்தத் தடவை நான் சொல்றேன், நீங்க எழுதுங்க” என்றாள். அவர் காதை அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். ஒரே வரிதான். ‘எங்களுக்குச் சாப்பாடு வேண்டாம், பணம் வேண்டாம், அந்த ஜன்னலோர மேசையில் ஒரு பஸ் கடந்து போகிற வரைக்கும் உட்கார வேண்டும்.’ இரண்டு தடவை படித்துக் காட்டினார். கையெழுத்தை அவளே போட்டாள். போட்டு முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

அந்த மாத நடுவில் ஒரு மத்தியானம், வலிக்குப் போடும் ஊசிக்கு நேரமாகியும் யாரும் வரவில்லை. அவள் போர்வையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவர் நர்ஸ்களின் மேசைக்குப் போய் நின்றார்.

“பெரியவரே, புகார்ப் புத்தகம் அங்க இருக்கு, எழுதி வெச்சுட்டுப் போங்க. வந்து பாக்கறோம்” என்றாள் அங்கிருந்த நர்ஸ், தலையைத் தூக்காமல்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். நூலில் கட்டிய பேனா தொங்கிக்கொண்டிருந்தது.

“எழுத முடியாதும்மா!” என்று கத்தினார். “அவளுக்கு வலிக்குது! இப்ப வலிக்குது! எழுந்து வாம்மா!”

அந்தத் தளமே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஊசியோடு ஓடிவந்தாள். பின்னால் அவர் வந்து நின்றபோது, மனைவி கண்ணைத் திறந்திருந்தாள்.

“வெளிய யாருங்க அது, கத்தினது?”

“நான்தான்.”

“நல்லா இருந்துச்சு” என்றாள். ஊசி வேலை செய்யத் தொடங்கியது. தூங்கிப்போகும் முன், “கதவு பக்கத்துல உக்காந்தப்பவே இந்தத் தொண்டை இருந்திருக்கலாம்” என்றாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜூன் 27-ஆம் தேதி காலை அவள் இறந்துபோனாள்.

மகள் இரண்டு வாரம் கூட இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய மறுநாள், தபால்காரர் ஒரு கனமான வெள்ளை உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். பேனாவை எடுத்து மூலையில் தேதி போட்டுவிட்டுத்தான் பிரித்தார். மேனேஜர் தன் கைப்படவே எழுதியிருந்தார். ஊரில் இல்லாததால் கடிதங்கள் தன் கைக்கு வரத் தாமதமாகிவிட்டதாம். அன்று நடந்தது முழுக்கத் தங்கள் தவறுதான் என்றும், ஜன்னலோர மேசை எந்த மாலையானாலும் அவர்கள் இருவருக்காகவும் காத்திருக்கும் என்றும், இந்தக் கடிதத்தைக் காட்டினால் போதும் என்றும் எழுதியிருந்தார்.

அவர் கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து, மறுபடி உறைக்குள் வைத்தார். இடது மூலையில் மை காய்ந்திருந்தது: ஜூலை 14.