உட்காருவதற்காகப் பிடித்த பீடி

பட்டாளத்திலிருந்து முதல் லீவில் வந்திருந்த அண்ணன், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் வயலின் மோட்டார் ரூம் கதவில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தார். துவைத்துப் போடலாம் என்று அதை எடுத்தேன். பீடி வாடை அடித்தது. வேறு யாருடைய சட்டையோ என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் புகை பிடித்ததில்லை. நடவுக்கு வந்த ஆட்கள் பீடி பற்றவைத்தால், அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு வரப்பின் மறுகோடிக்குப் போய்விடுவார். சட்டையும் கையுமாக நான் நிற்பதைப் பார்த்துத் தலையைக்கூடத் துவட்டாமல் வந்தார்.

"அப்பாகிட்டச் சொல்லீராத அம்மிணி" என்றார்.

தொட்டி மேட்டில் உட்கார்ந்து அவர் சொன்ன கதை இதுதான். வடக்கே வெயில் காயும் ஓர் ஊரில் பயிற்சி. நாள் முழுக்கப் பதுங்குகுழி வெட்டும் வேலை. இடையில் ஒரு தடவை, பயிற்சி கொடுத்த ஹவில்தார், பீடி குடிக்கிறவர்கள் மட்டும் போய் நிழலில் உட்காரலாம் என்பாராம். குடிக்காதவனுக்கு உட்காரக் காரணம் கிடையாது, அவன் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணன் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருக்கிறார். உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து மண்வெட்டிப் பிடி வழுக்கிய ஒரு நாள், பக்கத்தில் இருந்தவனிடம் ஒரு பீடி கேட்டு வாங்கிக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டார். "ஆசப்பட்டுப் புடிக்கல அம்மிணி. உக்கார்றதுக்குத்தான் புடிச்சேன்" என்றார். அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்துக்கொண்டே சட்டைக்கு இரண்டாவது முறை சோப்புப் போட்டேன்.

பிறகு அவரே ஹவில்தார் ஆனார். புதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை கிடைத்தபோது அவர் முதலில் செய்த காரியம், ஓய்வு நேரத்தில் எல்லோரையும் உட்காரவைத்தது. அந்த நேரத்தில் யாரும் பீடியைத் தொடக்கூடாது. அவரைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சில வருஷங்கள் கழித்து, அவர் இருந்த முகாமில் புகை கூடாது என்று மேலிடமே உத்தரவு போட்டது. போனில் என்னிடம் அதைச் சொன்னபோது அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் அவரால் விட முடியவில்லை. பையன்கள் கண்ணில் படாமல் சமையற்கூடத்துக்குப் பின்னால் போய்ப் பிடிப்பாராம். அதையும் அவரேதான் சொன்னார்.

என் வீட்டுக்காரரும் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் இருவருக்கும் இதே பேச்சுதான். "பொண்டாட்டி புள்ளையப் பாக்காம பனியில கெடக்கறவனுக்கு அது ஒண்ணுதானுங்க தொண. அதையும் புடுங்கறதுக்குச் சட்டம் போட்டா எப்படிங்க மச்சான்?" என்பார் இவர். அண்ணன் நிதானமாகத்தான் பதில் சொல்வார். "அங்க போகாட்டி நான் இதத் தொட்டிருப்பனுங்களா மாப்ள? பழக்குனவங்கதான் மாத்தி உடோணும்." இரண்டு பேச்சிலும் உண்மை இருந்ததால் எனக்கு எந்தப் பக்கமும் சாய முடிந்ததில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

அவருடைய இடது கால் விரல் ஒன்று கறுக்கத் தொடங்கியது மலைமேல் இருந்த ஒரு காவல் முகாமில். குளிரால் என்று நினைத்து நெருப்பில் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். காலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அடைத்துவிட்டன, இனி ஒரு பீடி பிடித்தாலும் காலைக் காப்பாற்ற முடியாது என்று பட்டாள ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதலில் விரல்கள் போயின. வேலையிலிருந்து அனுப்பப்பட்டு ஊருக்கு வந்த பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்போதும் அவர் விடவில்லை. கடைக்காரர்களிடமெல்லாம் அண்ணி கெஞ்சிச் சொல்லிவைத்திருந்தார். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரோட்டில் போகிற முகம் தெரியாத ஆட்களை அழைத்துப் பீடி கேட்பார். ஒருநாள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அவரைப் பீடியும் கையுமாகப் பார்த்துவிட்டேன். அவர் மறைக்கவில்லை. "ஒரு உத்தரவு போட்டு என்னையும் யாராச்சும் நிறுத்துனா நின்னுருவனாட்ட இருக்குது அம்மிணி. நானா நிக்க முடியல" என்றார். நான் அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். பட்டாளத்தில் மூட்டை தூக்கிய மனிதர், ஒரு குழந்தையின் எடைதான் இருந்தார்.

அவர் மகன் பட்டாளத்துக்குப் போகிறேன் என்றபோது அண்ணி மூன்று நாள் சாப்பிடவில்லை. அண்ணன் தடுக்கவில்லை. "இப்பல்லாம் அங்க பீடி கெடையாது, போகட்டும்" என்று மட்டும் சொன்னார். அந்த நம்பிக்கையில்தான் பையனை அனுப்பினார் என்று நினைக்கிறேன்.

பையன் முதல் லீவில் வந்தபோது அண்ணனின் இன்னொரு காலும் கறுக்கத் தொடங்கியிருந்தது. கட்டிலில் படுத்தபடியே மகனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். "குழி வெட்டறப்ப யாராச்சும் பீடி புடிக்கறாங்களா சாமி?" என்று கேட்டார்.

"இல்லீங்கப்பா. கண்டிப்பான உத்தரவு. புடிச்சா தண்டனைங்க."

அண்ணன் முகம் தெளிந்தது. "அப்ப எல்லாத்துக்கும் ஒண்ணா ரெஸ்ட் உடறாங்களா?"

பையன் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "ரெஸ்ட்டெல்லாம் இல்லீங்கப்பா. பீடிக்குன்னு உட்டுட்டு இருந்த நேரத்தையும் அதோட எடுத்துட்டாங்கன்னு பழைய ஆளுக சொல்றாங்க."

அண்ணன் மகனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் இறந்துபோனார்.

இப்போது பையன் வடக்கே எங்கோ ஒரு மலைமேல் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். சாப்பிட்டியா, குளிருதா என்று வீட்டில் எல்லோரும் கேட்டு முடித்த பிறகு போன் என்னிடம் வரும்.

"உக்கார உடறாங்களா கண்ணு?" என்று கேட்பேன்.

"உடறாங்க அத்தை" என்பான். நான் கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பதில் வந்துவிடுகிறது.