எட்டு மைலுக்குப் பெட்ரோல் இல்லை

நாயைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்திருந்தால் பத்து நாள் கட்டிப்போட்டுப் பார்த்திருக்கலாம். அது சாகாமல் இருந்திருந்தால், வெறி இல்லை என்று நாங்களும் நிம்மதியாக இருந்திருப்போம். என் எட்டு வயது மகளின் முன்கையைக் கடித்துக் குதறிவிட்டு அது வைப்பாற்றுப் பக்கம் ஓடியது. மறுநாள் அந்தப் பக்கம் ஒரு நாய் செத்துக் கிடந்தது என்றார் ஒருவர். அது வேறு நாய் என்றார் இன்னொருவர்.

விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தயங்காமல் சொன்னார். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, நாளுக்கு ஒன்று. ஒரு நாள் விட்டாலும் போட்டது வீண். ஊசி அறை காலையில் பத்து மணி வரைதான். அந்த மருந்து எங்கள் பக்கத்தில் வேறெங்கும் கிடைக்காது. நாய்க்கடிக்குப் படுக்கையும் கிடையாது, வந்து போட்டுக்கொண்டு போகத்தான் வேண்டும்.

நான் அப்போது வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். ஐம்பதுகளின் கடைசி அது. வெடிமருந்து கலக்குவது என் வேலை. வெயில் ஏறினால் மருந்தைத் தொடக் கூடாது என்பதால் விடிவதற்குள் கலக்க ஆரம்பித்து ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். நான் கலக்காவிட்டால் அன்றைக்கு நாற்பது பேருக்கு வேலை இல்லை. தீபாவளி சீசன் வேறு. ஏழு மணிக்குக் கையைக் கழுவிவிட்டுப் புறப்பட்டால், சிவகாசி போய் மாறுகிற பஸ்ஸில் விருதுநகர் சேர மணி பதினொன்றாகிவிடும். வீட்டிலோ என் மனைவி பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

முதலாளி நல்லவர். கம்பெனி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பட்டாளத்து ஏலத்தில் வாங்கிய பழைய வண்டி. கம்பெனிக்குள் வண்டி வரக் கூடாது, பெட்ரோலும் வரக் கூடாது என்பதால் ஒரு பர்லாங்கு தள்ளி வேப்பமரத்தடியில் நிற்கும். போகவர ஐம்பத்திரண்டு மைல். ஒரு காலன் பெட்ரோலுக்கு எண்பது மைல் ஓடும். வண்டி இருக்கிறது, இனி என்ன கவலை என்றுதான் நினைத்தேன்.

முதல் நாள் ஊசி போட்டு முடிந்ததும் விருதுநகர் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினேன். மழையில் தண்டவாளம் அரித்துப்போய்ப் பெட்ரோல் வேகன் வரவில்லையாம். வண்டிக்கு நாளுக்கு அரைக் காலன்தான் என்றார் பங்க்காரர். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடிக் குடுவையில் பெட்ரோலை ஏற்றிக்கொண்டே, "வெம்பக்கோட்டையிலருந்தா வாறீக அண்ணாச்சி? அம்புட்டுத் தூரமா?" என்று பரிதாபப்பட்டார். பரிதாபத்தை ஊற்றியா வண்டி ஓட்ட முடியும்?

வீட்டுக்கு வந்து சிலேட்டில் கணக்குப் போட்டேன். பதினாலு நாளுக்கு எழுநூற்றிருபத்தெட்டு மைல். பங்கில் கிடைப்பது மொத்தம் ஏழு காலன். வேப்பமரத்தடியில் கம்பெனி டிரம்மில் கிடந்தது இரண்டு காலன். ஒன்பது காலனுக்கு எழுநூற்றிருபது மைல். எட்டு மைல் துண்டு விழுந்தது. சிவகாசியிலும் இதே நிலைமை, அங்கே ஊர்க்காரருக்கே இல்லை என்று விரட்டிவிட்டார்கள்.

அந்த எட்டு மைல் என்னைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. சாப்பிடும்போதும் எட்டு மைல், மருந்து சலிக்கும்போதும் எட்டு மைல். இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டினேன். டயரில் காற்றைக் கல்லாக ஏற்றினேன். வண்டியின் பின்பெட்டியைக் கழற்றி எறிந்தேன். சிறு மேடு வந்தாலும் இறங்கி, மகளை மட்டும் உட்காரவைத்துத் தள்ளினேன். "நானும் எறங்கி நடக்கட்டாப்பா?" என்பாள். "நீ இரு தாயி" என்பேன். கையில் கட்டு, வயிற்றில் ஊசி போட்ட இடமெல்லாம் தடித்துச் சிவந்த வீக்கம். வண்டி குழியில் விழும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஆனால் ஆஸ்பத்திரியில் மட்டும் ஊரே கூடும்படி அழுவாள். நானும் தாதியும் சேர்ந்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, பெட்ரோலுக்கு வரிசையில் நிற்பேன்.

ஆறாம் நாள் சாதாப் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பங்க்காரர், கார்க்காரர்களுக்காக வைத்திருந்த உயர்ந்த ரகத்தில் அரைக் காலன் தந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உயர்ந்த ரகம் என்றால் கூடுதல் வேகம், கூடுதல் மைல். எட்டு மைல் என்ன, இருபது மைல் மிச்சம் பிடிக்கலாம் என்று மகளிடம் பெருமையடித்தேன். இரண்டு நாள் அதை ஊற்றி ஓட்டியும் மைல் ஒரு சல்லி கூடவில்லை. பங்க்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, ஆக்டேன்னு ஒரு நம்பர் சொல்லுவாக. அது நெருப்போட சத்து இல்ல, பொறுமை. எஞ்சினுக்குள்ள அமுக்கும்போது தானா வெடிச்சிராமப் பொறுத்து நிக்கிற கொணம். புதுக் காரு கடுமையா அமுக்கும், அதுக்கு இது வேணும். ஒங்க வண்டி பட்டாளத்து வண்டி. மட்டமான பெட்ரோலுக்குன்னே செஞ்சது, சும்மா லேசாத்தான் அமுக்கும். அதுக்குச் சாதாவே போதும். ஆனா சுத்தமா இருக்கணும்" என்றார்.

இன்றைக்கு யோசித்தால் அந்த மனிதர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. அன்றைக்கு எனக்கு ஏறவில்லை. நெருப்பைப் பற்றி எனக்குப் பாடம் சொல்ல இவன் யார்? பதினாறு வயதிலிருந்து வெடிமருந்தோடு பிழைப்பவன் நான். எவ்வளவு கலந்தால் எவ்வளவு உயரம் போகும் என்று கையில் எடுத்துப் பார்த்தே சொல்லுவேன். பொறுமையாம், நெருப்புக்கு என்னய்யா பொறுமை என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

எட்டாம் நாளிலிருந்து மறுபடி சாதா வந்தது. வந்ததில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. எங்கே யார் கலந்தார்களோ. திருத்தங்கல் மேட்டில் வண்டி திணறி, எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் டங் டங்கென்று சத்தம் போட்டது. லேசாக அமுக்குகிற அந்த வண்டியே இப்படித் தட்டுகிற அளவுக்கு மட்டமான பெட்ரோல். தீப்பொறியைத் தள்ளிப்போடும் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தால் சத்தம் அடங்கியது, கூடவே வேகமும் செத்தது. உருட்டியும் தள்ளியும் சேர்த்த மைலெல்லாம் மூன்றே நாளில் போயிற்று. பதினோராம் ஊசி போட்டுத் திரும்பிய அன்று குச்சியை விட்டுத் தொட்டியை அளந்து பார்த்தேன். மறுபடி அதே எட்டு மைல் துண்டு.

எட்டு மைல்தானே, கடைசி நாளில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கலாம். வழியில் ஒரு மாட்டு வண்டிக்காரனைக் கெஞ்சியிருக்கலாம். ஒரு நாள் கலவையை முதலாளியிடம் சொல்லி நிறுத்தியிருக்கலாம். இப்படி நூறு வழி இப்போது தெரிகிறது. அப்போது என் மூளையில் தெரிந்தது ஒரே வழிதான். வெறும் கரி புகைந்து கிடக்கும், வெடியுப்பு சேர்ந்தால் அதே கரி ஆளைத் தூக்கி எறியும். பெட்ரோலும் எரிகிற சாமான்தானே? அதற்கு மட்டும் வேறு சட்டமா? மட்டமான பெட்ரோலுக்கு இல்லாத சத்தை வெடியுப்பு கொடுக்காதா? சிவகாசிப் பக்கத்தில் பிறந்த ஒரு மடையனுக்குத்தான் இப்படித் தோன்றும். மெல்லிய துணியில் மாவுபோலச் சலித்த வெடியுப்பை ஒரு கை அள்ளித் தொட்டியில் போட்டு, வண்டியை நன்றாகக் குலுக்கிவிட்டேன். கிளப்பிப் பார்த்தபோது நன்றாகவே ஓடியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் சிவகாசி வரை ஒரு குறையும் இல்லை. திருத்தங்கல் தாண்டி மூன்று மைல் போயிருப்போம். இரண்டு தும்மல் போட்டுவிட்டு வண்டி நின்றது. கார்பரேட்டரைக் கழற்றினேன். பெட்ரோல் வருகிற துளையில் வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. மகளின் கொண்டை ஊசியை வாங்கிக் குத்தி, வாயால் ஊதி மாட்டினேன். நூறு கெஜம் ஓடி மறுபடி நின்றது. மறுபடி குத்தினேன், மறுபடி நின்றது. தொட்டிக்குள் விரலை விட்டால் அடியில் சேறுபோல உப்பு. கரையவே இல்லை. பெட்ரோலில் உப்பு கரையாது என்பது இத்தனை வருஷம் மருந்து கலக்கினவனுக்குத் தெரியவில்லை.

பனைமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா வெள்ளையா இருக்கு?"

"வெடியுப்பு."

"அது எப்படிப்பா உள்ள போச்சு?"

"நாந்தான் போட்டேன். நல்லா ஓடும்னு போட்டேன் தாயி" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பிள்ளைக்கு முன்னால், நடுரோட்டில், கையெல்லாம் பெட்ரோலோடு அழுதேன். அவள் பாவாடை நுனியால் என் முகத்தைத் துடைத்தாள்.

ஒரு பஸ் வந்தது. படியெல்லாம் ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். ரோட்டின் நடுவில் நின்று கும்பிட்டேன். ஒதுங்கிப் போய்விட்டது. அப்போது மணி ஒன்பதரை இருக்கும். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எவ்வளவு தூரம் ஓட முடியும்? மூச்சு வாங்கி நின்றபோது பருத்தி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று பின்னால் வந்தது. நான் விட்டுவந்த மோட்டார் சைக்கிளையும் வண்டிக்காரர் பின்னால் கட்டி இழுத்து வந்திருந்தார்; மூட்டை மேல் அவளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மாடு நடக்கிற நடைக்கு நான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி ஒன்று. ஊசி அறைக் கதவு பூட்டியிருந்தது. டாக்டர் முகாமுக்குப் போய்விட்டாராம், சாவியும் அவரிடமாம். கம்பவுண்டர் காலில் விழப்போனேன். "என் கையில ஒண்ணுமில்ல அண்ணாச்சி, காலையில வாங்க" என்று விலகிக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பவில்லை. சிவகாசி போகிற லாரிக்காரரிடம் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தோம். பங்க்காரருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவிக் கொடுத்தார். "என்னத்தய்யா போட்டீக இதுக்குள்ள?" என்று கேட்டார். தெரியாது என்றேன். நாற்பது பேருக்கு மறுநாள் வேலை இல்லை. அது என் நினைவுக்கே வரவில்லை.

காலையில் டாக்டர் ஊசிச் சீட்டைப் பார்த்தார். பன்னிரண்டாம் கட்டம் காலியாக இருந்தது. பதினோரு ஊசியையும் ஒரே கோடாக அடித்துவிட்டு, "முதல்லருந்து பதினாலு" என்றார்.

அந்தப் பதினாலும் ஒரு நாள் விடாமல் போட்டு முடித்தோம். முதலாளி கலவையைச் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், பஸ்ஸிலேயே போய் வந்தோம். என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நாய்க்கு வெறி இருந்ததா என்பதும் கடைசிவரை தெரியவில்லை. கேட்கிறவர்களிடம் இதோடு கதையை முடித்துவிடுவேன். அந்தக் காலையில் நடந்த மீதியை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

டாக்டர் கோடு போட்ட சீட்டை வாங்கிப் பார்த்த தாதிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பதினோரு நாளும் அந்தப் பிள்ளையைப் பிடித்துப் பிடித்து அவர் கையிலும் நகக் கீறல்கள் இருந்தன. "ஏன் நேத்து வரல? இன்னும் பதினாலு ஊசி இந்தச் சின்ன வயித்துல எங்கன போடுறது? யாரு செஞ்ச தப்பு இது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். உப்புப் போட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

"நாந்தான் சிஸ்டர்" என்றாள் என் மகள். "ஊசி வலிக்கும், வரமாட்டேன்னு அழுது எங்கேயோ போயி ஒளிஞ்சுக்கிட்டேன். அப்பா தேடித் தேடிப் பார்த்தாக."

நான் மறுக்கவில்லை. அவள் சொன்னதற்குப் பின்னால் நானும் ஒளிந்துகொண்டேன். தாதி அவள் காதைப் பிடித்துத் திருகினார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அமுக்கிப் பிடிக்கக் குனிந்தேன், தேவைப்படவில்லை. அவளே மேசை மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் அழவே இல்லை.

"இனிமேயாவது அப்பா சொல்றதக் கேக்கணும், என்ன?" என்றார் தாதி.

"சரி சிஸ்டர்" என்றாள்.