ஐப்பசியில் நட்ட வெங்காயம்

விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகள் இருந்த அந்தத் தெருவில் கொளஞ்சியம்மாளின் கோபத்துக்குப் பயப்படாதவர்கள் இல்லை. அறுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசிக் கடைசியில் அந்தக் கோபம் மொத்தமும் அவள் புருஷன் சக்கரபாணியின் தலையில் இறங்கியது.

கொல்லையில் வெங்காயம் நடுவது அவள் வேலை. அடைமழை விட்டு, மண் காலில் ஒட்டாமல் உதிரும் மார்கழிக்கு முன்னால் விதை வெங்காயத்தை அவள் தொடமாட்டாள். பெண்ணாடத்தில் தங்கச்சி பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், அடுப்பங்கரையில் கட்டித் தொங்கவிட்ட விதை வெங்காயத்தில் ஒன்றுகூட இல்லை. மண்தான் ஈரமாக இருக்கிறதே என்று சக்கரபாணி அத்தனையையும் நட்டுவிட்டான். போதாததற்கு, தான் வேலை பார்க்கும் சூளையில் கோணிப்போன கோப்பைகளைக் கொண்டுவந்து பாத்தியைச் சுற்றி அழகாகக் கரை வேறு கட்டியிருந்தான். மழைத்தண்ணீர் வெளியே போக வழியில்லை. ஒன்றைப் பிடுங்கினாள். கையில் கூழாக நசுங்கி நாறியது.

"ஏன்யா, ஈரம் காயாத கோப்பைய சூளையில வெச்சா வெடிச்சிடும்னு நாள் கணக்கா காத்துக் கெடக்குறியே, என் வெங்காயத்துக்கு மழை வுடுற வரைக்கும் காத்திருக்க முடியலியா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். கரையிலிருந்த கோப்பைகளைக் காலால் எத்தித் தள்ளினாள்.

சக்கரபாணி சிதறிய கோப்பைகளைப் பொறுக்கினான். மறுநாள் சாப்பிட உட்கார்ந்து குழம்பைத் துழாவியவன், "என்னா கொளஞ்சி, வெங்காயமே இல்ல?" என்று கேட்டுத் தொலைத்தான்.

அவள் அகப்பையால் கொல்லைப்பக்கம் காட்டினாள்.

"அங்கதான நட்டு வெச்சிருக்க? போயிப் புடுங்கிட்டு வா."