உரித்த பதினொரு மூட்டை

சேங்மணி அக்காவை நான் முதலில் பார்த்தது, அவர் என் மேசை மேல் ஒரு முட்டைக்கோஸை டொம்மென்று வைத்தபோதுதான். லாவோஸின் பாக்சே நகரில் ஏற்றுமதிப் பேப்பர்கள் தயாரித்துத் தரும் ஏஜென்சியில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். வருகிறவர்கள் கேட்காமலே அது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று, கறுப்பு அங்கி போட்ட பட்டமளிப்புப் படத்தைத் தலைக்கு மேலே மாட்டியிருந்தேன்.

அவர் அதை அண்ணாந்து பார்த்தார். "யாரு தம்பி இது, கூத்துல ராஜா வேஷமா?"

"நான்தான்க்கா. பன்னாட்டு வணிகத்துல பட்டம்."

"நல்லதாப் போச்சு. நம்ம கோஸு தாய்லாந்து போகணும். உங்க பட்டத்துக்கு வழி தெரியுமா?"

பாக்சோங் மேட்டுநிலத்தில் அவரும் கணவர் பூன்சாயும் கோஸ் போடுகிறார்கள். ஒன்பது வருடமாக அதை எல்லையில் கம்லா என்ற இடைத்தரகரிடம், அவன் சொன்ன விலைக்குத்தான் இறக்கி வந்தார்கள். அக்காவே ஒருநாள் பஸ் ஏறி, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வாரின் சந்தைக்குப் போய், பிரானீ என்ற மொத்த வியாபாரியைப் பிடித்திருந்தார். வியாழக்கிழமை நாலு மணிக்குள் ஒரு லாரி சரக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தால், இனி வாரா வாரம் ஒரு லாரி. வராவிட்டால் வேறு ஆள். பிரானீ சொன்னது அவ்வளவுதான்.

சரக்கு லாவோஸில் விளைந்தது என்று சான்றிதழ் இருந்தால் அங்கே வரிச் சலுகை உண்டு. அதற்கு நான் விண்ணப்பம் எழுத வேண்டும். இருநூற்றைம்பது மூட்டை, மூட்டைக்கு எட்டு கோஸ். எடை? மூட்டை இருபது கிலோ என்று அக்கா சொன்னார். அதை அப்படியே எழுதுவதற்கு ஒரு பட்டதாரி எதற்கு? பத்து கோஸை வாங்கி வெளி இலையை எல்லாம் உரித்துவிட்டு நிறுத்தேன். சமையலுக்கு ஆகாத இலை சரக்காகாது என்பது என் ஆராய்ச்சி முடிவு. மூட்டைக்குப் பதினேழரை கிலோ என்று கணக்கு வந்தது.

"இலையோடதான தம்பி லாரில போகுது?"

"இது நிகர எடைக்கா. உங்களுக்குப் புரியாது."

அந்தக் கடைசி வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

வியாழன் காலை பத்து மணிக்கு லாரி வாங்தாவ் எல்லையில் எடை மேடை ஏறியது. என் முதல் ஏற்றுமதி என்பதால் டை கட்டிக்கொண்டு நானும் போயிருந்தேன். சுங்க அதிகாரி எடையைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், என் டையையும் பார்த்தார்.

"அறுநூத்தி இருபத்தஞ்சு கிலோ கூட இருக்கே. இது யாரோடது?"

"அது இலைங்க சார்."

"இலைக்குப் பேப்பர் எங்க?"

சான்றிதழைத் திருத்திக் கையெழுத்து வாங்கலாம் என்று பாக்சேக்குப் போன் போட்டேன். கையெழுத்துப் போடுகிறவர் கல்யாணத்துக்காகச் சொந்த ஊர் போயிருந்தார், திங்கள்தான் வருவாராம். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பப்பாளிச் சாலட் தின்றுகொண்டிருந்த கம்லா குரல் கொடுத்தான். "சேங்மணி, எதுக்கு வெயில்ல நிக்கிற? இறக்கிட்டுப் போ. நம்ம பழைய விலைல பாதி தர்றேன்."

அக்கா அதிகாரியிடம் பேசிப் பார்க்கப் போனார். நான் அதற்குள் காரியத்தில் இறங்கினேன். கூடுதல் எடை இலைதானே, உரித்துவிட்டால் தீர்ந்தது. டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு மூட்டைகளை அவிழ்த்தேன். ஒரு மணி நேரத்தில் பதினொன்றை முடித்தேன். இந்த வேகத்தில் போனால் மறுநாள் காலையில்தான் முடியும் என்பதை, புள்ளியியலில் இரண்டு தாள் எழுதித் தேறிய நான் கணக்குப் போடவில்லை.

திரும்பி வந்த அக்கா இலைக் குவியலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி பண்ணி வச்சிருக்கே?"

"எடையைச் சரி பண்றேன்க்கா."

"அந்த இலைதான்டா கோஸுக்குச் சட்டை. அத உரிச்சிட்டு இந்த ரோட்டுல குலுக்கிட்டுப் போனா கன்னிப் போயிராதா?"

"வேற வழி இல்லக்கா. மூட்டையக் குறைக்கவும் முடியாது. எண்ணிக்கையும் சான்றிதழ்ல இருக்கு."

"மூட்டைய யாரு குறைக்கச் சொன்னா? ஒரு கோஸு எவ்வளவு கனம்?"

நான் செல்போனில் கால்குலேட்டரைத் தேடினேன்.

"ரெண்டரை கிலோ. மூட்டைக்கு ஒண்ண வெளிய எடுத்தாப் பதினேழரை. நீ எழுதுனதும் அதானே?" என்றவர் கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, மேல ஏறுங்க."

பூன்சாய் மேலிருந்து மூட்டைகளை இறக்க, அக்கா அவிழ்த்து ஒன்றை எடுக்க, நான் திரும்பக் கட்டினேன். அந்த வேலையை மட்டும் நம்பி என்னிடம் விட்டார்கள். இருநூற்று முப்பத்தொன்பது கோஸ் தரையில் குவிந்தது. கம்லா கை துடைத்துக்கொண்டு வந்து, சொன்ன பாதி விலைக்கு அவற்றை எடுத்துக்கொண்டான். எடை மேடையில் இம்முறை எண் சரியாக வந்தது. அதிகாரி முத்திரை குத்தினார்.

வாரின் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். பிரானீ மூட்டை மூட்டையாகக் கைவிட்டு அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் உரித்த மூட்டைகளிடம் வந்ததும் நின்றார். கோஸெல்லாம் கன்றிப் பழுப்பேறிக் கிடந்தன.

"மத்ததெல்லாம் நல்ல சரக்கு. இந்தப் பதினொண்ணுக்கு மட்டும் யாரு துணிய உருவுனது?"

அக்கா என்னைக் கை காட்டினார். "தம்பி பன்னாட்டு வணிகத்துல பட்டம் வாங்கினது."

பிரானீ என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்குப் பாதி விலைதான். அடுத்த வியாழன் ஒரு லாரி அனுப்புங்க. தம்பி ஆபீஸ்லயே இருக்கட்டும்."

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. சேங்மணி அக்கா இப்போது அக்கம்பக்கத்து ஆறு குடும்பங்களின் கோஸையும் சேர்த்து வாரம் இரண்டு லாரி வாரினுக்கு அனுப்புகிறார். பாக்சோங்கில் சொந்தமாக ஒரு எடை மேடை போட்டிருக்கிறார். சான்றிதழ் விண்ணப்பம் இன்னமும் எங்கள் ஏஜென்சியில்தான். எடையை அவர் போனில் சொல்கிறார், நான் எழுதிக்கொள்கிறேன்.