அண்ணன் போச்சு

மேற்குத் தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர் செல்வமேரி. அச்சில் வரும் பிழையைவிட வாயில் வரும் பிழைதான் அவருக்கு அதிக எரிச்சல். ரயில் நிலையத்து சைக்கிள் ஸ்டாண்டு குப்புராஜ் அவர் கணவரைப் பற்றி, "அண்ணன் வந்துச்சு, சைக்கிள எடுத்துகினு போச்சு" என்று சொல்லும்போதெல்லாம், "அவரு என்ன ஆடா மாடா? வந்தாரு, போனாருன்னு சொல்லு" என்பார். தன் வயதுள்ள குப்புராஜைத் தான் 'நீ' என்பது மட்டும் அவர் காதில் உறுத்தியதே இல்லை.

எண்பத்தெட்டில் ஒரு மாலை, தண்டவாளத்தைக் கடந்த யாரோ மின்சார ரயிலில் அடிபட்டுவிட்டதாகத் தெருவில் பேச்சு. கணவர் சவுரிமுத்து இன்னும் வீடு திரும்பவில்லை. செல்வமேரி ஸ்டாண்டுக்கு ஓடினார். கணவரின் சைக்கிள் பூட்டியபடி நின்றது.

"குப்புராஜ், அவரு எங்க?"

"அண்ணன் போச்சுக்கா."

அது வெறும் இலக்கணப் பிழையாக இருக்க வேண்டுமே என்று செல்வமேரி முதல்முறையாக வேண்டிக்கொண்டார்.

"போச்சுன்னா? ஒழுங்காச் சொல்லு."

வழக்கமான திட்டுதான் என்று நினைத்து குப்புராஜ் திருத்திக்கொண்டார்.

"அண்ணன் போயிட்டாருக்கா."

செல்வமேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குப்புராஜ் பதறிப்போய், "அடிபட்ட ஆள ஆட்டோல ஏத்திகினு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாருக்கா" என்றார்.

செல்வமேரிக்கு நம்பிக்கை வரவில்லை. எழுந்து, சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். இருட்டத் தொடங்கியபோது, சட்டையெல்லாம் யாருடைய ரத்தமோ படிந்திருக்க, சவுரிமுத்து ஆட்டோவிலிருந்து இறங்கினார்.

"குப்புராஜ்," என்றார் செல்வமேரி. "அவரு வந்துச்சு."