குன்றிமணித் தீயும் புளியங்கொட்டை மார்க்கும்

பட்டாசுக் கம்பெனியில் நர்ஸ் வேலை என்பது, இன்றைக்கு எனக்கு வேலை வரக்கூடாது ஆண்டவரே என்று ஜெபம் பண்ணிவிட்டு நாற்காலியில் உட்காருகிற வேலை.

அறுபதுகளில் சிவகாசிப் பக்கம் ஒரு கம்பெனியில் அந்த நாற்காலியில் நான் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். சொந்த ஊர் மல்லாங்கிணறு. படித்தது மிஷன் ஆஸ்பத்திரியில். கட்டுப் போடுவதைவிடப் பெரிய தலைவலி அங்கே எனக்கு ஒன்று இருந்தது. மார்க்குப் போடுவது. உங்களில் யாராவது வளர்ந்தவர்களுக்கு மார்க்குப் போட்டிருந்தால், மேலே சொல்லாமலே என் பாடு விளங்கிவிடும்.

தீப்பெட்டிக்குள் ஒரு கம்பெனி

தீ பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் வகுப்பெடுத்தால் எல்லாரும் தலையை ஆட்டுவார்கள், அப்புறம் கொட்டாவி விடுவார்கள். அதனால் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன். மேஜைமேல் காலித் தீப்பெட்டிகளை அடுக்கினால் அவைதான் கம்பெனியின் அறைகள். ஆளுக்கொரு புளியங்கொட்டை. குன்றிமணிதான் தீ. சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வருகிறவர்களைச் சுற்றி உட்கார வைத்து, ஒரு பெட்டிக்குள் குன்றிமணியைப் போடுவேன். "நீ இங்கன இருக்க. பக்கத்து அறையில் புகை தெரியுது. என்ன செய்வே?" என்று கேட்பேன். அவள் சொல்கிறபடி கொட்டை நகரும்.

யோசனைக்குத் தகுந்த மார்க்கு, என் அறைக் கரும்பலகையில் பெயருக்கு நேரே ஏறும். தீபாவளிக்கு முன்னால் யார் முதலில் நிற்கிறார்களோ அவர்களுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர். டம்ளருக்கு அனுமதி கேட்கப் போனபோது மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் ஓடுவேன்னுதான் சொல்லுவாளுக. அதுக்கு எதுக்கு நர்ஸம்மா மார்க்கு?"

லீவு போட்ட போர்மேன்

மேனேஜர் நினைத்தது தவறு. யாருமே ஓடுகிறேன் என்று சொல்லவில்லை. ஓடினால் ஒரு மார்க்குதான், மூளையைக் காட்டினால் ஐந்து என்று தெரிந்ததும் ஆளாளுக்கு மேதையாகிவிட்டார்கள். ஒருத்தி கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு வானத்துக்கே போனாள். அவளுக்குப் பூஜ்யம்.

நிஜமாகவே மூளைக்காரி செல்லம்மாள். வெடிமருந்து அடைக்கிற அறையில் வேலை. நாற்பதை நெருங்கியவள், மகளைக் கட்டிக்கொடுத்தவள். அவள் கொட்டை வாசலைத் தாண்டும்போது அங்கே இருக்கும் தண்ணீர் வாளியைக் காலால் உதைத்துக் கவிழ்த்துவிட்டுப் போனது. வாசப்படியில் சிந்திக் கிடக்கும் மருந்துத் தூள் நனைந்தால் தீ அந்த வழியாகத் தொடர்ந்து வராதாம். ஓட்டமும் நிற்கவில்லை, வேலையும் முடிந்தது. யோசிக்காமல் ஐந்து போட்டேன். அதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட போர்மேன் தானும் விளையாட வந்தார். அவர் பெட்டியிலேயே குன்றிமணியைப் போட்டு, என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தவர் சொன்னது: "நான் அன்னைக்கு லீவு."

செருப்பு எடுத்த பொன்னுத்தாய்

செல்லம்மாளுக்கு அடுத்த அறையில் வேலை பார்த்தவள் பொன்னுத்தாய். வயது இருபத்தைந்து இருக்கும். தோற்பது என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. டம்ளர்மேல் ஆசையைவிட, செல்லம்மாள் பெயருக்குக் கீழே தன் பெயர் இருப்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் முறை. தீ என்றதும் அவள் கொட்டை நேராக வாசலுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஏன் நிற்கிறாய் என்றேன். செருப்பு எடுக்கிறேன் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறைக்குள் செருப்புக் கால் கூடாது, உராய்ந்தால் மருந்து பற்றிக்கொள்ளும். அதனால் எல்லாரும் அறை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு உட்காருவார்கள். அறையை விட்டு யார் வெளியே வந்தாலும் குனிந்து தன் ஜோடியைத் தேடுவாள். தினமும் பார்க்கிறேன். நீ குனிந்து நிற்கும்போது பின்னால் வருகிறவர்கள் எங்கே போவார்கள் என்று பொன்னுத்தாயிடம் கேட்டு, இரண்டு மார்க்கைக் குறைத்தேன். பொன்னுத்தாய் எழுந்து நின்று சண்டைக்கு வந்தாள்: "மெய்யைச் சொன்னதுக்கு மார்க்கைப் புடுங்குவீகளா?"

தீ பிடிக்கும் முன்னால்

அடுத்த சனிக்கிழமை நான் குன்றிமணியைக் கையில் எடுப்பதற்குள் பொன்னுத்தாய் தன் கொட்டையை நகர்த்திவிட்டாள். பெட்டிகளுக்கு வெளியே, வேப்பமரம் என்று நான் வைத்திருந்த குச்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, திரும்பவும் அறைக்குள் கொண்டுவந்தாள். காலையில் வரும்போதே செருப்பை மரத்தடியில் விட்டுவிட்டு வருகிறேன், இனி எப்போது வேண்டுமானாலும் தீயைப் போடுங்கள் என்றாள். வெயிலில் தரை சுடுமே என்று ஒருத்தி கேட்டாள். அதற்கும் பதில் வைத்திருந்தாள், மரத்திலிருந்து அறைவரை சாக்கு விரித்துக்கொள்வாளாம்.

சபை இரண்டுபட்டது. தீயே இன்னும் பிடிக்கவில்லை, தீயோடு அவள் மல்லுக்கட்டவும் இல்லை, இதற்கு எப்படி மார்க்கு என்று செல்லம்மாள் கட்சி கேட்டது. நான் பத்து மார்க்குப் போட்டேன். அதுவரை யாருக்கும் பத்து போட்டதில்லை. பொன்னுத்தாய் முதலிடத்துக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் அறைக்காரிகள் நாலு பேரும் மரத்தடியில் செருப்பை விட்டார்கள். மற்ற அறைகளிலும் அப்படிச் செய்ய உத்தரவு போடும்படி மேனேஜரிடம் கேட்டேன். சீசன் முடியட்டும் என்றார். செல்லம்மாளிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். என்மேல் அவளுக்கு மரியாதை உண்டு. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்: "அவ மார்க்கு வாங்குறதுக்கு, நான் வெறுங்காலோட நடக்கணுமா?"

அந்த வெள்ளிக்கிழமை

தீபாவளி ஆர்டருக்கு லோடு ஏறிக்கொண்டிருந்த நேரம். பொன்னுத்தாயின் அறையில்தான் முதலில் பிடித்தது. நாலு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒரு சிராய்ப்புகூட இல்லை. தீ அடுத்த அறைக்குத் தாவ எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், நாலு மூச்சு விடுகிற நேரம். அது போதுமான நேரம்தான். அந்த அறைக்காரிகள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முதலில் வந்தவள் செல்லம்மாள். வாளியை உதைத்துக் கவிழ்த்திருக்கிறாள். அதோடு ஓடியிருக்கலாம். குனிந்தாள். பின்னால் வந்தவர்கள் அவள்மேல் இடித்து விழுந்து, எழுந்து, தாண்டி ஓடினார்கள். கீழே கிடந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை.

லாரியில் போட்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் தலையை என் மடியில் வைத்திருந்தேன். வெந்திருந்த முதுகைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நர்ஸாக இருப்பதில் மிகவும் கொடுமையானது இதுதான், மற்றவர்களுக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவளுக்கு நினைவு இருந்தது. அவளாகச் சொன்னாள்: "புதுச் செருப்பு நர்ஸம்மா. மக மொத மொதல்ல வாங்கிக் கொடுத்தது."

எவர்சில்வர் டம்ளர்

செல்லம்மாள் வீடு திரும்பவில்லை. கம்பெனி மறுபடி திறந்த அன்று யாரும் உத்தரவு போடவில்லை. வேப்பமரத்தடியில் அத்தனை செருப்பும் கிடந்தன. மேனேஜர் தன் ஷூவையும் அங்கே கழற்றிவிட்டு, சாக்குமேல் நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் பொன்னுத்தாய் என் அறைக்கு வந்தாள். பரிசு அவளுக்குத்தான். டம்ளரை எடுத்து நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். உன் யோசனை உன் அறையில் நாலு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, மற்றதற்கு நீ என்ன செய்வாய் என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் தன் பெயருக்கு நேரே இருந்த மார்க்கை உள்ளங்கையால் அழித்தாள். கீழே இருந்த செல்லம்மாள் பெயரைத் தொடவில்லை. வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க மார்க்கு போடாம இருந்திருந்தா, செல்லம்மாக்கா நான் சொன்னதைக் கேட்டிருப்பாக."

அதற்குப் பிறகும் சனிக்கிழமைதோறும் தீப்பெட்டிகளை அடுக்கி, குன்றிமணியைப் போட்டு, என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், கரும்பலகையில் மட்டும் எதுவும் எழுதவில்லை. நல்ல யோசனை சொன்னவளைப் பாராட்ட வாய் வரை வந்ததை மென்று விழுங்குவதுதான், மார்க்குப் போடுகிற உத்தியோகத்தில் கடைசியில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு.