புதுச் செயின், தேய்ந்த பல்

என் மகனின் சைக்கிளுக்குச் செயினும் பல்சக்கரமும் நானே மாற்றிவிட்டுக் கைக் கிரீஸை மண்ணெண்ணெயால் துடைத்தபோது, சாக்கோட்டையில் அரிசி ஆலைக்குப் பின்னால் நாங்கள் இருந்த வரிசை வீட்டின் வாடை வந்தது; அவித்த நெல்லும் உமிப்புகையும் அப்பாவின் சைக்கிளும் கலந்த வாடை. இப்போது அங்கே கல்யாண மண்டபம்.

அந்த வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு அப்பா ஒரு நாள் செயினை மட்டும் மாற்றினார்.

"பல்லு தேஞ்சு கெடக்கே, சக்கரத்த ஏன் விட்டீக?" என்றாள் அம்மா.

"எம் பல்லுந்தான் தேஞ்சிருக்கு. சோறு திங்கலையா?" என்றார்.

அந்த வாரமே தங்கச்சிக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. அவளை மடியில் வைத்து அம்மா பின்னால் உட்கார, அப்பா ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். கண்மாய் மேட்டில் செயின் தேய்ந்த பல்லில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். போய்ச் சேரும்போது உயிரில்லை.

அதன்பிறகு அம்மா அந்தச் செயினைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்.